பாதியும் பாதியும் சேர்ந்தால் மார்ச் 7

தோழி ஒருத்தி கேட்டாள்: "என் பொண்ணுக்கு எட்டு வயசு ஆகப்போகுது. உன் பிள்ளைங்க ஸ்ப்ரெட்ஷீட்ல என்னென்னவோ பண்றாங்களே, நானும் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கட்டுமா?" ஒரு வார்த்தையில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் சின்னவனுக்கும் விரிதாளுக்கும் (ஸ்ப்ரெட்ஷீட்டுக்குத்தான் இந்தப் பெயர்) பெரிய சண்டை நடந்து முடிந்திருந்தது. அதனால் இதை எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

எந்த மென்பொருள் என்று சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் தொடுகிற அளவில் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான்: கட்டங்கள், ஃபார்முலா, இழுத்து நிரப்புவது, வரைபடம். ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டு எழுதுகிற கணக்குதான் ஃபார்முலா. அதைப் பக்கத்துக் கட்டங்களுக்கும் இழுத்துக்கொண்டு போவதுதான் இழுத்து நிரப்புவது.

முதலில் சண்டை. சின்னவனுக்கு இப்போது பின்னம் நடக்கிறது. பாதி, கால், முக்கால் எல்லாம் வந்துவிட்டது. கூட்டிப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு கட்டத்தில் 1/2 என்று அடித்தான். என்டர் தட்டினான். கட்டத்தில் 01-பிப் என்று வந்து நின்றது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தான். திரும்பவும் பிப்ரவரி. "அம்மா, நான் பாதின்னுதான் போட்டேன், அது பிப்ரவரின்னு சொல்லுது" என்றான். தேதி அமைப்பு வேறு மாதிரி இருந்தால் இதுவே ஜனவரி 2 ஆகும். அதாவது எந்தத் தப்பு வரும் என்பதுகூட நிச்சயமில்லை.

அதோடு விடவில்லை. கீழ்க் கட்டத்திலும் 1/2 போட்டு இரண்டையும் கூட்டச் சொன்னான். விரிதாளுக்குள் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து நாள்களை எண்ணிக்கொண்டே வருவது, மைக்ரோசாஃப்டின் விரிதாளான எக்செல்லின் வழக்கம். அந்தக் கணக்கில் 2025 பிப்ரவரி 1 என்பது 45,689. வருஷம் போடாவிட்டால் நடக்கிற வருஷத்தையே அது எடுத்துக்கொள்ளும், அதனால் இரண்டு பாதிகளையும் 2025இல் அடித்துக் கூட்டினால் 91,378 வரும். அதைத் தேதியாகப் பார்த்தால் 2150ஆம் ஆண்டு மார்ச் 7. பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒன்று என்று அன்று காலைதான் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது?

வழி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. =1/2 என்று அடித்தால் 0.5 வரும். ஆனால் தசமம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. முதலில் 0, ஓர் இடைவெளி, அப்புறம் 1/2 என்று அடித்தால் நாங்கள் வைத்திருப்பதில் பின்னமாகவே நிற்கிறது. ஏழு வயதுப் பையனிடம் "பாதி எழுதணும்னா முதல்ல ஒரு பூஜ்ஜியம் போடு, கொஞ்சம் இடம் விடு" என்று சொல்லிப் பாருங்கள். ஏன் என்று கேட்பான். "இல்லைன்னா அதுக்குப் புரியாது" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் 1/2 அப்படியே இருக்கும், ஆனால் எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிடும். அவனே ஒன்றைக் கண்டுபிடித்தான்: 13/25 மாதிரி எதையாவது போட்டால் தேதியாவதில்லை. பதின்மூன்றாவது மாதமும் இல்லை, இருபத்தைந்தாவது மாதமும் இல்லை. அதுவும் எழுத்தாகத்தான் நிற்கிறது என்பது வேறு விஷயம்.

நியாயமாகப் பார்த்தால் இது அலுவலகத்தில் இருப்பவர்களுக்காகச் செய்த பொருள். அவர்கள் ஒரு நாளில் அடிக்கிற தேதிகளோடு பார்த்தால் பின்னங்கள் எந்த மூலைக்கு? அவர்கள் பக்கம் சாய்ந்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரியவர்களும் இதில் அடி வாங்கியிருக்கிறார்கள். மார்ச்1, செப்ட்1 என்று மனித மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. ஆய்வாளர்கள் எக்செல்லில் அடித்தால் அவை தேதிகளாகிவிடும். கடைசியில் 2020இல், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்தப் பெயர்களையே மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றியதை அறிவித்தது. விஞ்ஞானிகளே பெயரை மாற்றிக்கொண்டு ஒதுங்கிப் போன இடத்தில் என் பையன் முட்டிக்கொண்டு நிற்கிறான். 2023இல் எக்செல்லில் இப்படிச் சில தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்க வசதி கொடுத்தார்கள். எழுத்தும் எண்ணும் ஒட்டி வந்தால் தேதியாக்குவது, எண்ணுக்கு முன்னால் இருக்கும் சுழியத்தைத் தூக்குவது போன்றவற்றுக்கு அது உதவும். பின்னத்துக்கென்று தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை.

சரி, கோபம் போதும். இவ்வளவுக்கும் பிறகு ஏன் இதை மூடி வைக்கவில்லை?

பெரியவள் ஒரு கதைப் புத்தகத்தை எப்போது முடிப்பாள் என்று கேட்டபோது ஒரு சின்னத் தாள் போட்டோம். பி1இல், அதாவது பி என்ற நெடுவரிசையின் முதல் கட்டத்தில், மொத்தப் பக்கம் 240. பி2இல் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம், 8. பி3இல் =பி1/பி2. விடை 30 நாள். அவள் 8ஐ அழித்து 10 போட்டாள். பி3ஐத் தொடவே இல்லை, அது தானாக 24 ஆனது. அவள் என்னைப் பார்த்தாள், நான் ஏதோ செய்தேனோ என்று. அப்புறம் 12, 20, 60 என்று போட்டுக்கொண்டே போனாள். ஒரு எண் மாறினால் அதை நம்பியிருக்கும் எண்களும் மாறும் என்பது நமக்குப் பழகிப்போன சங்கதி. முதல்முறை பார்க்கிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது. இந்தப் பொருள் பிறந்ததே அதற்காகத்தான். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், ஆசிரியர் கரும்பலகைக் கணக்கில் ஓர் எண்ணை மாற்றும்போது மற்ற எண்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்தார். அப்புறம் அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் சேர்ந்து செய்த விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது.

அந்தத் தாளில்தான் சின்னவன் பி2இல் 0 போட்டான். குறும்புக்குத்தான். பி3 முழுக்க #டிவ்/0! என்று கத்தியது, சுழியத்தால் வகுக்க முடியாது என்பதற்கான பிழைச் செய்தி அது. உடைத்துவிட்டோமோ என்று பயந்துபோனான். பெரியவள் சொன்னாள்: "ஒரு நாளைக்கு ஒரு பக்கம்கூட படிக்கலைன்னா எத்தனை நாள்ல முடிப்பே? முடிக்கவே மாட்டே. அதான் அதுக்குச் சொல்லத் தெரியலை." சுழியத்தால் வகுக்கக் கூடாது என்று எனக்குப் பள்ளியில் விதியாகத்தான் சொன்னார்கள். இப்படி ஒரு காரணம் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டத்தில் எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். நான் சொல்லிக்கொடுத்ததில் அதிகம் பயன்பட்டது இந்த ஒரே வரிதான். கூட்டல் தப்பாக வந்தால் இருவரும் இப்போது முதலில் பார்ப்பது எது இடப்பக்கம் நிற்கிறது என்றுதான். பெரும்பாலும் சுழியத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து ஓ அடித்திருப்பார்கள்.

கட்டங்களுக்கு வண்ணம் அடித்துப் படம் வரைய வைப்பதைப் பலர் நல்ல தொடக்கம் என்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் விரிதாள் எங்கே இருக்கிறது? அதற்குக் கட்டம் போட்ட நோட்டே போதும். 1 போட்டால் சிவப்பு, 2 போட்டால் நீலம் என்று விதி வைத்து, எண்களை அடித்துப் படம் வரவழைத்தால் சரி, அது வேறு கதை.

தாளின் அடி எங்கே என்று தேடுவது எங்கள் வீட்டில் தனி விளையாட்டு. எக்செல்லில் கன்ட்ரோலோடு கீழ் அம்புக்குறியை அழுத்தினால், காலித் தாளில் நேரே 10,48,576ஆவது வரிசையில் போய் இறங்கலாம். வலப்பக்கம் போனால் 16,384 நெடுவரிசைகள், கடைசியின் பெயர் எக்ஸ்எஃப்டி. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் இந்த இரண்டு எண்களும் வழியில் வரும் என்று சொன்னேன். பெரியவள் ஃபார்முலாவை இழுத்து நிரப்பியே சரிபார்த்தாள்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. சமக்குறி போட்டுவிட்டுப் பயந்து வேறு கட்டத்தைச் சொடுக்கினால் தப்பிக்க முடியாது; அந்தக் கட்டத்தின் பெயரும் ஃபார்முலாவுக்குள் வந்துவிடும். சொடுக்கச் சொடுக்கப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். எஸ்கேப் விசையை முதல் நாளே காட்டிவிடுங்கள். எண்ணுக்குப் பதில் ##### வந்தால் கட்டம் குறுகல் என்று அர்த்தம், அகலப்படுத்தினால் போதும். இழுத்து நிரப்பும்போது ஃபார்முலாவில் இருக்கும் கட்டத்தின் பெயர் மாறாமல் டாலர் குறி போட்டுப் பூட்டுவதை எட்டு வயதில் சொல்லாதீர்கள். பெரியவளுக்கே இன்னும் பாதிதான் புரிந்திருக்கிறது.

ஆக, தோழிக்கு என் பதில்: இப்போது வேண்டாம். இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு வேண்டாம் என்கிறேனே என்று கேட்பாள். கேட்கட்டும். அவள் பெண்ணுக்கும் இந்த வருஷம்தான் பின்னம் வரும். பாதியை பிப்ரவரி என்று சொல்கிற ஒன்றை அந்தப் பாடம் நடக்கிற வீட்டுக்குள் விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தசமம் வரை போகட்டும், அப்புறம் பார்க்கலாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். சண்டை நடந்த அன்று கேட்டிருந்தால் ஒன்றுதான் கொடுத்திருப்பேன். சின்னவன் இதை எட்டிப் பார்த்துவிட்டு ஐந்து கொடுக்கச் சொல்கிறான். அடுத்த தாளில் 0 போட்டு வேறு எதையெல்லாம் கத்த வைக்கலாம் என்று அவனிடம் ஒரு பட்டியலே இருக்கிறது.