கட்டிப்பால் டப்பாவிலிருந்து தினம் ஒரு சொல்: மூன்று வருட அனுபவம்

எங்கள் வீட்டில் அரிசி அளந்த பழைய கட்டிப்பால் டப்பா ஒன்று இருக்கிறது. யாங்கோன்காரர்களுக்குத் தெரியும், எட்டு டப்பா சேர்ந்தால் ஒரு பியி என்ற பர்மிய அளவு. இப்போது அதில் இருப்பது மடித்த துண்டுச் சீட்டுகள். சீட்டுக்கு ஒரு சொல். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றை எடுத்து, பத்து நிமிடம் பேனாவை நிறுத்தாமல் எழுதுவேன். 2022 மழைக்காலத்தில் ஆரம்பித்து, மூன்று வருடம் ஓடிவிட்டது.

முதலில் போனில் ஒரு செயலியை நம்பித்தான் இறங்கினேன். அது தந்ததெல்லாம் 'நம்பிக்கை', 'பயணம்', 'கனவு' என்ற ரகம். 'கனவு' என்று எழுதிவிட்டு உட்கார்ந்தால் எங்கோ கேட்ட சினிமாப் பாட்டுதான் வந்தது. போதாக்குறைக்குக் கரண்ட் போகும், இணையமும் கூடவே போகும். இருபது நாளில் விட்டுவிட்டேன். அப்புறம்தான் டப்பா. வீட்டிலும் மாடிப்படியிலும் கண்ணில் பட்டதையே சீட்டில் எழுதினேன்: வாளி, திரி, குடை, முகத்தில் அரைத்துப் பூசும் தனாக்கா, கயிறு.

'கயிறு' வந்த ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. இங்கே அடுக்குமாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். சில வீடுகளில் மேல்முனையில் மணி, கீழே கிளிப். கீழே வந்தவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். சாவியும் பேப்பரும் அதிலேதான் ஏறி இறங்கும். நான் தாலிக்கயிறு, தேர்க்கயிறு என்று சுற்றி இரண்டு நிமிடத்தை வீணாக்கினேன். பிறகு கை தானாக எழுதியது: அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த வருடம். மூன்றாம் மாடியிலிருந்து பையில் காசு போட்டு இறக்குவாள். மோஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் பொட்டலம் மேலே வரும்போது சூட்டில் பை உள்ளுக்குள் வியர்த்திருக்கும். மீதிச் சில்லறையை எண்ணாமல் கயிற்றைச் சுருட்ட மாட்டாள். அந்த வியர்த்த பையை நான் இருபது வருடமாக நினைத்ததே இல்லை.

நமக்கு இது புதிதும் அல்ல. செருப்பில் தொடங்கி விளக்குமாறில் முடியும் பாட்டுக் கேட்டுக் காளமேகப் புலவரை மடக்கப் பார்த்தார்களாம். அவர் பாடியது முருகனை.

ஒரு வருடம் போனதும் சலிப்புத் தட்டியது. எந்தச் சீட்டை எடுத்தாலும் தாத்தாவே வந்து நின்றார். அப்போது கைகொடுத்தது அந்தாதி. நேற்று எழுதியதன் கடைசிச் சொல்தான் இன்றைய சொல். ஆனால் தமிழில் வாக்கியம் வினையில் அல்லவா முடிகிறது? 'வந்தது', 'இருந்தது', 'போனாள்' என்று வரிசையாக மாட்டிக்கொண்டேன். அதனால் கடைசி வாக்கியத்தை மட்டும் பெயர்ச்சொல்லில் முடிக்கப் பழகினேன். 'எண்ணிப் பார்த்தாள்' என்பதைவிட 'அவள் கையில் நனைந்த சில்லறை' எவ்வளவோ நன்றாக நிற்கிறது. மூன்று வருடத்தில் நான் கற்றதில் உருப்படியானது இதுதான்.

குறையும் உண்டு. நீளமான கதைக்கு இந்தப் பயிற்சி உதவவில்லை. பத்து நிமிடத்தில் நிற்கப் பழகிய கை அதற்குமேல் தடுமாறுகிறது. இரண்டு சிறுகதைகள் பாதியில் கிடக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கேயும் டப்பாவைக் கொண்டுபோனேன். 'முற்றம்' என்று கொடுத்த அன்று எல்லாத் தாளும் வெறுமையாக வந்தன. பிளாட்டில் பிறந்த பிள்ளைகள், முற்றத்துக்கு எங்கே போவார்கள்? அடுத்த வாரம் 'அரிசி' கொடுத்தேன். வாய் திறந்தால் பர்மியமே வரும் பத்து வயதுப் பையன் ஒருவன் இரண்டு வரி எழுதினான்: "அம்மா அரிசி அளக்கும்போது பேசக் கூடாது. பேசினால் முதலிலிருந்து எண்ணுவாள்."

உங்கள் வீட்டிலும் டப்பாதானா, எத்தனை போடுவாள் என்று கேட்டேன்.

"முன்னாடி நாலு, இப்ப மூணு, டீச்சர்" என்றான்.

அதையும் எழுதச் சொன்னேன்.