காப்பர் விலைக்கு அலுமினியம்: ஸ்பீக்கர் கேபிள் மாற்றப் போகிறவர்கள் கவனிக்க

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ரூமிலிருந்து கடைசி ஸ்பீக்கர் பாக்ஸ் வரை 30 மீட்டர். பழைய 40/76 ஒயரில் (40 மெல்லிய செம்பு இழை கொண்டது) பின்வரிசைக்குச் சத்தம் போதவில்லை என்று மண்டபத்துக்காரர் கடையில் போய்க் கேட்டதற்கு, "2.5 சதுர எம்எம், சுத்தமான காப்பர்" என்று சொல்லி 100 மீட்டர் இரட்டைக் கம்பிச் சுருளைக் காப்பர் விலைக்கே தள்ளிவிட்டார்கள். மாட்டிய பிறகு சத்தம் கூடவில்லை, குறைந்தது. மூன்று மாதத்தில் கரகரப்பும் வந்தது.

முனையை வெட்டிப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சி.சி.ஏ. கம்பி. அதன் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. உறைதான் தடிமன், உள்ளே இருந்த கம்பி 1.5 சதுர எம்எம்.

போக 30, வர 30, ஆக 60 மீட்டர். 40/76 என்றால் 0.193 எம்எம் இழை 40, மொத்தம் 1.17 சதுர எம்எம். அதன் தடை 0.9 ஓம். காசு கொடுத்து மாற்றிய கேபிளுக்கோ 1.1 ஓம்! உண்மையான 2.5 காப்பர் 0.4 சொச்சம்தான் காட்டும். இங்கே 8 ஓம் பாக்ஸ் இரண்டு ஒரே கேபிளில் பக்கவாட்டாக (பேரலலில்) இணைத்திருக்கிறது, அதாவது ஆம்புக்கு 4 ஓம் லோடு. பாக்ஸுக்குப் போகவேண்டிய பவரில் ஐந்தில் இரண்டு பங்கு அடிபட்டுவிட்டது. கரகரப்புக்கும் காரணம் அதே அலுமினியம்தான்: திருகின் அழுத்தத்தில் நசுங்கித் தளரும், மேலே ஆக்சைடு படியும். திரும்ப முறுக்கினாலும் நிற்காது.

கடையிலேயே பிடித்துவிடலாம். 2.5 இரட்டைக் கம்பி 100 மீட்டரில் செம்பு மட்டுமே 4.5 கிலோ இருக்கவேண்டும். அந்தச் சுருள் உறையோடு சேர்த்தே 4 கிலோ வரவில்லை. அடுத்தது மீட்டர். சுருளின் ஒரு முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் ஓம் பாருங்கள். மீட்டர் ஒயரின் தடையை முதலில் கழித்துவிடவேண்டும். 2.5 இரட்டைக் கம்பி 100 மீட்டருக்கு 1.6 ஓமுக்கு மேல் போனால் வாங்காதீர்கள். இழை ஒன்றை லைட்டரில் காட்டினாலும் தெரியும்: செம்பு சிவக்கும், சி.சி.ஏ. உருகித் துவளும்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? போய்வரும் மொத்தத் தடை லோடில் ஏறத்தாழ 5 சதவீதத்தைத் தாண்டினால் மாற்றுங்கள். வீட்டு ஹாலில் 5 மீட்டர், 8 ஓம் பாக்ஸ் என்றால் நல்ல 40/76 தாராளம். அந்த மண்டபத்துக்கு ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனித்தனி 2.5 காப்பர் இழுத்தாலே தீர்ந்தது. ஆம்பைப் பாக்ஸ் அருகே நகர்த்தி, மிக்சரிலிருந்து பேலன்ஸ்டு கேபிள் (தூரம் போனாலும் இரைச்சல் ஏறாத சிக்னல் கேபிள்) விடுவது இன்னும் நல்லது. செலவு செய்யவேண்டிய இடம் அது.

தருமபுரி கிராமங்களில் கூத்துக்கும் திருவிழாவுக்கும் 100 வோல்ட் லைனில் (வோல்டேஜைக் கூட்டிக் கரண்டைக் குறைத்து அனுப்பும் முறை) ஹாரன் கட்டுகிறவர்களுக்குத் தடித்த கேபிள் வீண். 100 வாட் லோடு அங்கே 100 ஓம். 200 மீட்டருக்கு 40/76 இழுத்தாலும் இழப்பு பத்து சதவீதத்தை ஒட்டித்தான். தங்க முலாம் பிளக் துருவைத் தடுக்கும், சத்தத்தை மாற்றாது. ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளில் சத்தம் அறுந்து அறுந்து வராதவரை விலை உயர்ந்ததைத் தேடவேண்டியதில்லை.

மண்டபத்துக்காரர் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடை ஏற்கவில்லை. பில்லில் இருந்தது "ஸ்பீக்கர் ஒயர் 1 காயில்" மட்டும். காப்பர், எத்தனை சதுர எம்எம், எத்தனை மீட்டர் என்று மூன்றையும் பில்லில் எழுத வைத்துவிட்டே பணத்தை எண்ணுங்கள்.