எம்.ஏ. குற்றவியல்: படித்து முடித்து, வேலையும் பார்த்தபின் எழுதுகிறேன்

"குற்றவியல் படிச்சா எஸ்.ஐ. ஆகிடலாமாண்ணே?" அட்மிஷன் சமயத்தில் தம்பி தங்கைகள் தவறாமல் கேட்பது இது. எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். பி.காம். படித்தவரும் தமிழ் இலக்கியம் படித்தவரும் உங்களோடு அதே மைதானத்தில்தான் கயிறு ஏறுவார்கள். தடயவியல் ஆய்வகக் கனவு இருந்தால் வேதியியலோ உயிரியலோ படியுங்கள். அங்கே எம்.ஏ.வுக்கு வேலையில்லை.

பிறகு எதற்கு இந்தப் படிப்பு? நான் இப்போது ஒரு மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். 'சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்கள்', அதாவது குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களைப் பற்றி, அவர்கள் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குச் சமூக விசாரணை அறிக்கை தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பையனைக் குழுமத்தின் முன் நிறுத்திய 15 நாளுக்குள் அறிக்கை போயாக வேண்டும். படிவம் 6 என்று ஒன்று உண்டு. குடும்பம், பள்ளி, கூட்டாளிகள், பழக்கவழக்கம் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருக்கும். 'பள்ளியை விட்ட காரணம்' என்ற கட்டத்தில் "படிப்பு ஏறல" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு பையன் விஷயத்தில் பள்ளிக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். திங்கட்கிழமை தவறாமல் ஆப்சென்ட். அன்றைக்குத்தான் ஊர்ச் சந்தை. விடியற்காலையில் லாரியில் மூட்டை ஏற்றப் போயிருக்கிறான். வழக்கில் அவனோடு சேர்ந்து மாட்டிய பெரியவர்களும் அங்கே பழக்கமானவர்கள்தான். குற்றம் என்பது நெருங்கிப் பழகுபவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது என்ற அமெரிக்கக் குற்றவியலாளர் சதர்லேண்டின் கோட்பாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது எரிச்சலாக இருந்தது. அந்தப் பதிவேட்டில் எதைத் தேட வேண்டும் என்று காட்டியது அதுதான்.

பாடத்திட்டத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தை வைத்துச் செய்த ஆய்வுகள் கொஞ்சம் அதிகம். நம் ஊர்ச் சந்தையும் சாதியும் கந்துவட்டியும் அதில் ஓரமாகத்தான் வரும். விதிவிலக்கு, குற்றப் பரம்பரைச் சட்டம் பற்றிய வகுப்புகள். குற்றவாளி பிறவியிலேயே அப்படித்தான் என்ற வாதம் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோவின் புத்தகத்தில் மட்டும் இருந்ததல்ல. பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தைக் குற்றவாளி என்று எழுதிவைக்கும் சட்டம் 1871இல் இங்கே வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த, உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். இதைப் படித்தவர் அறிக்கையில் 'குற்றப் பின்னணி உள்ள குடும்பம்' என்று சட்டென எழுதிவிட மாட்டார். எனக்கு அந்த நாலு சொல்லை எழுத இன்றும் கை வருவதில்லை.

செய்முறைதான் ஏமாற்றம். நான் படித்த இடத்தில் கைரேகைப் பவுடரைத் தொட்டதோடு சரி. சிறைக்கு ஒருநாள் கூட்டிப்போய், கேண்டீன் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், நாங்கள் உருப்போட்ட கொலைக்கான பிரிவு 302 இப்போது 103. மொத்தத்தையும் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று. (ஸ்டேஷனில் இன்னும் '302 கேஸ்' என்றுதான் பேசுகிறார்கள்.)

சம்பளத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த ரிவ்யூ பொய். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் சமூகப் பணியாளருக்குத் தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். ஒப்பந்த வேலைதான். சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர் பணிக்கு 27,804 ரூபாய், ஆனால் அதற்கு எல்.எல்.பி. வேண்டும். என் வகுப்புத் தோழி ஒருத்தி சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் வங்கிப் பரிவர்த்தனைகளில் மோசடியைக் கண்காணிக்கிறாள். எங்கள் செட்டில் நல்ல சம்பளம் அவளுக்குத்தான். மோசடிக்காரன் எப்படி யோசிப்பான் என்று படித்தது அங்கே காசாகிறதாம்.

வீட்டில் உடனே வருமானம் தேவை என்றால் இந்தப் படிப்பு வேண்டாம். இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க முடியும், ஆட்களோடு உட்கார்ந்து பேசப் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேருங்கள். முடித்த கையோடு மூன்றாண்டு சட்டப் படிப்புக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். நானும் இந்த வருடம் போட்டிருக்கிறேன்.