பழைய லேப்டாப்புக்கு வைஃபை கார்டு: இன்டெலா, ஏத்தெரோஸா?

லினக்ஸ் ஓடும் என் பழைய லேப்டாப்பில் இருந்த வைஃபை கார்டுக்கு மூடிய டிரைவர்தான் உண்டு, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளின் நிரலை வெளியார் பார்க்க முடியாது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை அதற்கேற்ப மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். போன வருடம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அது கம்பைலே ஆகவில்லை. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். போனை யுஎஸ்பியில் செருகித்தான் மீண்டேன். அன்றைக்கே கார்டை மாற்ற முடிவு செய்தேன். கையில் இரண்டு தேர்வு: இன்டெல் கார்டு, அல்லது ஏத்தெரோஸ் என்ற சிப் நிறுவனத்தின் ஏஆர்9280.

வேகத்தில் புதிய இன்டெல் கார்டுகள்தான் மேல். ஏஆர்9280 பழைய தலைமுறையான வைஃபை 4-ஓடு நின்றுவிட்டது. விலை, இரண்டுமே செகண்ட்ஹேண்டில் மலிவு. நான் பார்த்தது வேறு: பூட்டு எங்கே இருக்கிறது?

சிப்பில் உள்ள ரேடியோ, அனுமதி இல்லாத அலைவரிசைக்கும் போகக்கூடியது. அதைக் கட்டி வைக்கும் பூட்டு மென்பொருள்தான். யாராவது நிரலைத் திருத்திப் பவரைக் கூட்டினால், அமெரிக்காவில் அலைவரிசைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான எஃப்சிசி, சிப்பைத் தயாரித்தவரைப் பிடிக்குமா? விதி தெளிவாக இல்லாததால் நிறுவனங்கள் நிரலை மூடியே வைத்தன. ஏத்தெரோஸ் ரேடியோவைக் கட்டுப்படுத்தும் பகுதியை மட்டும் 'ஹால்' என்ற பைனரியாக, அதாவது நிரலைப் படிக்க முடியாத வடிவில் கொடுத்தது. இன்டெல் 3945 கார்டுக்கோ, பின்னணியில் ஒரு மூடிய புரோகிராம் ஓடியே ஆக வேண்டும்.

பிறகு வழிகள் பிரிந்தன. இன்டெல் டிரைவரைத் திறந்து, பூட்டை ஃபர்ம்வேருக்குள், அதாவது கார்டுக்குள்ளேயே ஓடும் மூடிய மென்பொருளுக்குள் தள்ளியது. ஏத்தெரோஸ் 2008-இல் ஏத்9கே டிரைவரை முழுசாகவே திறந்தது, கர்னல் 2.6.27-இலேயே அது சேர்ந்துவிட்டது. ஏஆர்9280-க்குத் தனி ஃபர்ம்வேர் ஃபைலே தேவையில்லை. நாட்டு விதியைச் சரிபார்க்கும் வரிகளும் டிரைவரிலேயே, எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன.

பராமரிப்பில்தான் இந்த வித்தியாசம் தெரியும். இன்டெல் டிரைவரும் கர்னலோடு வருவதுதான், அப்டேட்டில் காணாமல் போகாது. ஆனால் கோளாறு ஃபர்ம்வேருக்குள் என்றால் இன்டெல்தான் சரிசெய்ய வேண்டும். புதிய இன்டெல் கார்டுகள், சுற்றியுள்ள ரவுட்டர்களைப் பார்த்து எந்த நாடு என்று தாங்களே முடிவு செய்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் போடப் போனால் பெரும்பாலும் மறுக்கின்றன. ஏத்9கேயும் சில சமயம் மறுக்கும், கார்டில் பதிந்த நாட்டுக் குறியீட்டைப் பொறுத்து. ஆனால் ஏன் என்று நிரலைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

எஃப்சிசி பிடிக்குமோ என்ற அந்தப் பழைய பயம் இன்னும் போகவில்லை. 2015-இல் எஃப்சிசியின் வழிகாட்டுதல், டிடி-டபிள்யூஆர்டி போன்ற வெளியார் ரவுட்டர் ஃபர்ம்வேர்களை ஏற்றவிடாமல் எப்படித் தடுக்கிறீர்கள் என்றே கேட்டது. எதிர்ப்பு கிளம்பி நவம்பரில் அந்த வரி போனது. மறு வருடம் ரவுட்டர் தயாரிக்கும் டிபி-லிங்க், எஃப்சிசியின் பவர் வரம்பு வழக்கில் 2 லட்சம் டாலர் கட்டியது, கூடவே வெளியார் ஃபர்ம்வேருக்கு இடம் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. வேடிக்கைதான்.

வைஃபை 6 வேண்டுமென்றால் மீடியாடெக்கின் எம்டி7921 இருக்கிறது: டிரைவர் திறந்தது, ஃபர்ம்வேர் மூடியது. நண்பர் மெஷினில் இரண்டு நாள் ஓட்டியதோடு சரி, அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஏஆர்9280 வாங்குபவர்கள் முதலில் லேப்டாப்பில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஆன்டெனா வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முனையில் உள்ள குட்டி உலோக மூடியை நகத்தால் நெம்பினால் போதும், கழன்று வந்துவிடும்.