செய்தித்தாளில் சொல் எண்ணும் குறியீடு: நம்பலாமா?

பொருளாதாரக் கொள்கை நிச்சயமின்மைக் குறியீடு என்று முழுப்பெயர் சொன்னால் வாய் வலிக்கும், சுருக்கமாக ஈபியூ. அரசின் பொருளாதாரக் கொள்கை அடுத்து எப்படிப் போகுமோ என்ற குழப்பத்தை அளக்கும் எண் இது. பேக்கர், புளூம், டேவிஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் உருவாக்கியது. தரவு இலவசம்.

வேலை செய்யும் விதத்தைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அமெரிக்காவின் 10 பெரிய நாளிதழ்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே செய்தியில் பொருளாதாரம் என்ற சொல் இருக்க வேண்டும், நிச்சயமின்மை இருக்க வேண்டும், அப்புறம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), வெள்ளை மாளிகை, பற்றாக்குறை, ஃபெடரல் ரிசர்வ் (அமெரிக்க மத்திய வங்கி) மாதிரி கொள்கை சார்ந்த சொல் ஒன்றாவது இருக்க வேண்டும். அப்படிப்பட்ட செய்திகளை எண்ணி, அந்தப் பத்திரிகையில் அந்த மாதம் வந்த மொத்தச் செய்திகளால் வகுத்து, 1985–2009 சராசரி 100 ஆக வரும்படி மாற்றிவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

ஆனால் வரைந்து பார்த்தால் வாயடைத்துப் போகும். செப்டம்பர் 11 தாக்குதல், 2008-இல் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது, அமெரிக்க அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற 2011 கடன் வரம்புச் சண்டை எல்லாம் முகடு முகடாக நிற்கின்றன. கணினியை மட்டும் நம்பாமல் ஏறத்தாழ 12,000 செய்திகளை ஆட்களை வைத்துப் படிக்கவும் செய்திருக்கிறார்கள், இந்த உழைப்புக்காகவே 2016 ஆய்வுக் கட்டுரையை ஒருமுறை படிக்கலாம்.

வரைபடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது 2017 பகுதி. பங்குச்சந்தையின் பயமானி என்கிற விக்ஸ் படுத்துத் தூங்குகிறது, ஈபியூ மட்டும் உயரத்தில் நிற்கிறது. யார் சொல்வது சரி? இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பதுதான் என் கணிப்பு. விக்ஸ் பார்ப்பது அடுத்த 30 நாள் சந்தை ஆட்டத்தை. பத்திரிகைக்கு அந்தக் கெடு கிடையாது, நாலு வருஷம் கழித்து வரப்போகும் வரியைப் பற்றியும் இன்றைக்கே புலம்பும்.

குறை இல்லாமல் இல்லை. 200 என்று வந்தால் குழப்பம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். பெருகியது செய்திகளின் பங்கு, குழப்பமே அல்ல. தினசரி எண் ஒரே குதியாட்டம், மாதாந்திரம் போதும்.

இன்னொன்று, பழைய செய்திகள் தரவுத்தளத்தில் தாமதமாகச் சேருவதால் கடைசி ஓரிரு மாத எண்கள் பிறகு கொஞ்சம் மாறும். இது தெரியாமல் ஒரு அறிக்கையில் கடைசி மாதச் சரிவை வைத்து ஒரு பத்தியே எழுதினேன், அடுத்த மாதக் கோப்பில் அந்தச் சரிவைத் தேடவேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் கடைசி இரண்டு மாதத்தைப் புள்ளிக்கோடாகத்தான் வரைகிறேன்.