கடற்கரைப் பையில் எது உருப்படி? சன்ஸ்கிரீன், காலமைன், கற்றாழை ஜெல் ஒரு மதிப்பீடு

திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரையில் உவரிக்கோ மணப்பாட்டுக்கோ கிளம்பும்போது மருந்துக்கடையில் சன்ஸ்கிரீன் கேட்டால், எஸ்பிஎஃப் (வெயிலில் தோல் சிவப்பதைத் தடுக்கும் அளவு) 50 போட்ட 50 கிராம் டியூபைத்தான் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பார்கள். நம்பரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எஸ்பிஎஃப் 30 தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. இந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தோலைக் கறுக்க வைக்கும் யுவிஏ கதிரைத் தடுப்பதைக் காட்டும் பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று பிளஸ்ஸாவது இருக்கிறதா, 'வாட்டர் ரெசிஸ்டண்ட்' (தண்ணீரில் நனைந்தாலும் தாங்கும்) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடலில் இறங்குகிறவருக்கு இரண்டாவது இல்லாமல் முடியாது. அதுவும் 40 நிமிடமோ 80 நிமிடமோதான் தாங்கும்.

டியூபின் அளவில்தான் பிரச்சினை. அட்டையில் போட்டிருக்கிற எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவினால் கிடைப்பது. முகம், காது, கழுத்துக்கு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட, முழங்கைக்குக் கீழே இரண்டு கைக்கும் சேர்த்து அதே அளவு, முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு காலுக்கும் அதே அளவு. அரைக்கைச் சட்டை போட்டு வேட்டியை மடித்துக் கட்டியவருக்கே ஒரு தடவைக்கு ஏறக்குறைய 12 மில்லி ஆகிவிடும். நாலு பேர் ஒரு தரம் பூசினால் டியூப் காலி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடலை விட்டு ஏறியதும் ஒருமுறை என்று திரும்பப் பூச வேண்டியிருப்பதால் குறைந்தது இரண்டு டியூப் வேண்டும். மூக்கில் ஒரு பொட்டு வைத்து இழுத்துவிட்டு "பூசியும் கறுத்துப் போச்சே" என்றால் டியூப் என்ன செய்யும்?

பூச வேண்டிய இடம் வீடு, கடற்கரை இல்லை. வெயிலில் இறங்குவதற்கு 20 நிமிடம் முன்னால் பூசினால்தான் படிந்து காயும். உவரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் வழியில் திசையன்விளை தாண்டியதும் பூசிக்கொள்ளலாம். கரையில் வைத்துப் பூசினால் விரலோடு மணலும் சேர்ந்து உரசும், தோல் அங்கேயே எரிய ஆரம்பிக்கும். ஸ்பிரே வகை இந்தக் கரைக்கு ஆகாது, பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். ஜெல் பிசுபிசுக்காது, ஆனால் வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போனால் கரிக்கும். ஜிங்க் ஆக்சைடு உள்ள கிரீம் மாநிறத் தோலில் சாம்பல் பூசியது மாதிரி தெரியும், கண்ணை அவ்வளவாக எரிக்காது. பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் கிரீமும் வேண்டாம். நிழலும் பருத்தித் துணியும் போதும்.

இந்தப் பக்கத்து வெயில் ஆளை ஏமாற்றும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உச்சிப்பொழுதுக்குச் சூரியன் இங்கே நேர் தலைக்கு மேல் நிற்கும். செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொரு முறை. அது தெரிந்த வெயில், எல்லாரும் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆடியில்தான் ஆபத்து. காவல்கிணறு பக்கம் காற்றாலையைச் சுழற்றுகிற அதே மேற்குக் காற்று தோலைக் குளிர்த்திக்கொண்டே இருப்பதால், சுடுகிறது என்பதே உறைக்காது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோள்பட்டை காந்தும். மணல் 15 சதவீதமும் அலை நுரை 25 சதவீதமும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிப்பதால், குடைக்குக் கீழே உட்கார்ந்தாலும் தாடையும் கழுத்தின் அடிப்பக்கமும் தப்பாது. முழுக்கைப் பருத்திச் சட்டை எந்த டியூபையும்விட மேல். நனைந்த மெல்லிய வெள்ளைச் சட்டை மட்டும் கணக்கில் வராது, கதிர் ஊடுருவிவிடும்.

திருச்செந்தூரில் முடியிறக்கிய தலை தனிக் கதை. அதுவரை வெயிலே படாத தோல், போதாததற்குக் கத்தி பட்ட கீறல் வேறு. சந்தனம் குளிர்ச்சி தரும், வெயிலை மறைக்காது. வாசனையும் நிறமும் சேர்த்த சந்தனத்தூள் கீறலில் அரிக்கும். அன்றைக்குத் தலைக்குத் துண்டோ தொப்பியோதான் சரி, கிரீம் வேண்டாம். கடலாடிவிட்டுக் கோயில் பக்கத்து நல்ல தண்ணீர்க் கிணறான நாழிக்கிணற்றில் குளித்தால் உப்போடு சன்ஸ்கிரீனும் போய்விடும். ஈரம் துடைத்து, உடம்பில் மற்ற இடங்களுக்குத் திரும்பப் பூசிவிட்டு வெயிலில் நடங்கள்.

இனி ஆற்றுகிற சாமான்கள். காலமைன் கேட்டால் சில கடைகளில் லாக்டோ காலமைன் தருவார்கள். அது எண்ணெய் வழியும் முகத்துக்கான லோஷன். நமக்கு வேண்டியது அடியில் இளஞ்சிவப்பு வண்டல் தங்கும் சாதாக் காலமைன். நன்றாகக் குலுக்கிப் பஞ்சில் ஒற்றிக் காயவிட வேண்டும். குலுக்காமல் ஊற்றினால் வெறும் தண்ணீர்தான் வரும். வியர்க்குருவுக்கும் அரிப்புக்கும் இதை மிஞ்ச ஆளில்லை. வெயிலில் சிவந்த தோலுக்கு அவ்வளவு பொருத்தமில்லை, எரிச்சல் அடங்கினாலும் தோல் வறண்டு இழுக்கும். கொப்புளம் உடைந்த இடத்தில் வைக்கவே கூடாது.

சிவந்த தோலுக்கு முதல் வைத்தியம் நல்ல தண்ணீர். உப்பைக் கழுவி, ஈரத்துணியைப் 10, 15 நிமிடம் போட்டு வைக்கலாம், ஐஸ் வேண்டாம். அதன் மேல் வாசனை சேர்க்காத கற்றாழை ஜெல். வீட்டுக் கற்றாழை என்றால் மடலை வெட்டிக் கால் மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி, மஞ்சள் பால் வடிந்த பிறகு சோற்றைக் கழுவி எடுக்கணும். அந்தப் பால்தான் அரிப்பு கிளப்புகிறது. நுங்குத் தண்ணீரை வியர்க்குருவில் தடவுகிற பழக்கத்தில் தப்பில்லை, காய்ந்ததும் பிசுபிசுப்பைக் கழுவிவிடுங்கள். தேங்காயெண்ணெயை அன்றைக்கே தேய்த்தால் தோலின் சூடு உள்ளேயே தங்கும். இரண்டு நாள் கழித்துத் தோல் உரியும்போது தேய்க்கலாம். சன்ஸ்கிரீனுக்குப் பதில் எண்ணெய் என்பது மட்டும் நடக்காத காரியம்.

பெரிய கொப்புளம், காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் வந்தால் ஜெல்லை நம்பி உட்காராமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். அவோபென்சோன் என்ற வெயில் தடுப்பு ரசாயனம் உள்ள கிரீம் வெள்ளை வேட்டியில் பட்டு, இரும்புச்சத்துள்ள போர்த் தண்ணீரில் துவைத்தால் துரு நிறத்தில் கறை விழும். பிளீச்சிங் போட்டால் இன்னும் மோசமாகும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து அலசினால் பெரும்பாலும் மங்கும்.