38,500 ரூபாய்க்கு ஒரு பொய் ஜெர்சி: நீங்களும் ஏமாந்துவிடாதீர்கள்

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. இன்று செவ்வாய். கோபம் இன்னும் அடங்கவில்லை, 38,500 ரூபாயும் திரும்பவில்லை. பழைய கால்பந்து ஜெர்சிகளை வாங்கி விற்கும் ஓர் இணையச் சந்தையில்தான் ஏமாந்தேன். பெயர் வேண்டாம்.

நான் ஆசைப்பட்டது, 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினா அணிந்த நீல ஜெர்சிக்கு. மாரடோனா போட்டிருந்த ஜெர்சி 2022இல் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. அந்த அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. 'அந்த அணி சட்டை வாங்கிய அதே மெக்ஸிகோ கடையில் அதே வாரம் ரசிகர்களுக்கு விற்ற சட்டை' என்றார் விற்றவர்.

என்னை விழவைத்தது சட்டை அல்ல, அதன் கதை. அதை அவர் அழகாகச் சொன்னார். உருகுவேயுடன் ஆடியபோது அணிந்த நீலச் சட்டை கனத்த பருத்தி. அடுத்த ஆட்டமோ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்ஸிகோ நகரில், ஜூன் 22 அன்று, உச்சி வெயிலில். பயிற்சியாளர் பிலார்டோ மெல்லிய சட்டைதான் வேண்டும் என்று நிற்க, ஆள் போய் உள்ளூர்க் கடையில் வாங்கி வந்தார்கள். அர்ஜென்டினா கால்பந்துச் சங்கத்தின் சின்னத்தை அவசரமாகத் தைத்தார்கள். அதில் வழக்கமாக இருக்கும் லாரல் இலைகள்கூட இல்லை. முதுகில் அமெரிக்கக் கால்பந்துக்கான வெள்ளி மினுமினுப்பு எண்களை ஒட்டினார்கள்.

இதெல்லாம் நடந்ததுதான். அதனால்தான் மாட்டிக்கொண்டேன். படத்தில் தையல் கோணலாக இருக்கிறதே என்றேன். 'அவசரத்தில் தைத்தது அல்லவா, உங்களுக்குத் தெரியாததா சார்!' இலைகளைக் காணோமே என்றேன். 'அதுதான் அசல் என்பதற்கு அடையாளம்.' எந்தக் குறையைக் காட்டினாலும் அதையே சாட்சியாக்கிவிட்டார். ரசிகர்களுக்குக் கடையில் விற்ற சட்டையில் சங்கச் சின்னமும் வெள்ளி நிறப் 10ஆம் எண்ணும் எப்படி வந்தன என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. 'உங்களுக்குத் தெரியாததா' என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது. சொன்ன விலை 40,000; சந்தை வழியாகக் கட்டாமல் நேராகத் தன் கணக்குக்கு அனுப்பினால் 1,500 குறைப்பதாகச் சொன்னார். அனுப்பினேன்.

பழுப்பேறிய கழுத்துப் பட்டையை ஈரத் துணியால் லேசாகத் துடைத்தேன். துணியில் கறை இறங்கியது. முகர்ந்தால் டீத்தூள் வாசனை! உள்பக்கம் இடது ஓரத் தையலில் நகத்தளவு வெள்ளை லேபிள். துவைக்கும் முறைக்கான குறிகள், அவற்றுக்குக் கீழே ஓர் இணையதள முகவரி. 1986இல் ஏதய்யா இணையதளம்?

கேட்டதற்கு முதல் பதில்: 'முன்பு வைத்திருந்தவர் லேபிளை மாற்றியிருப்பார்.' மறுநாள்: 'எனக்குக் கொடுத்தவர் இத்தாலியில் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.' அதற்குப் பிறகு என் எண்ணையே முடக்கிவிட்டார். சந்தைக்காரர்களுக்கு நான்கு முறை எழுதினேன். 'தளத்துக்கு வெளியே நடந்த பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று நான்கு முறையும் அதே வரி, கூடவே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வி. வங்கியில், 'நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பியதுதானே சார்' என்றார்கள். 38,500 ரூபாய்க்கு இவ்வளவுதான் மரியாதை.

பழைய ஜெர்சிகளை எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலை நண்பனின் கைபேசியில் பார்த்தால், அதே ஆள் அதே படத்தை மறுபடி போட்டிருக்கிறார், விலை 36,000. ஆகவே அவசரத்துக்கு இவை மட்டும். உள் லேபிளையும் ஓரத் தையலையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். எவ்வளவு குறைத்தாலும் தனிக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். நான் அந்த இத்தாலிக்காரரின் பதிலுக்காக இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, நேற்றுதான் அழைத்தேன். ஒரு புகார் எண் கொடுத்திருக்கிறார்கள்.